பூசணிக்காய் காத்த கோல்

நான் கல்லூரி கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தவன் என்று சொன்னால் என் மனைவி இன்றுவரை நம்புவதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு மைதானத்தில் நேரில் பார்த்தவர்களே நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறு பக்கம் புதிதாகத் தொடங்கிய கல்லூரி அது. சுவரில் சுண்ணாம்பு காயும் முன்பே எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நூலகத்தில் அலமாரி வந்திருந்தது, புத்தகம் வரவில்லை. மைதானத்தில் கோல் கம்பம் வந்திருந்தது, வலை வரவில்லை. உடற்பயிற்சி ஆசிரியரும் வந்து சேராததால், வணிகவியல் விரிவுரையாளர் ஒருவரை அணிக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் வேட்டி கட்டிய மனிதர் சேற்றைத் தாண்டுவதுபோல் ஒதுங்குவார்.

ஆள் எடுத்ததும் அவர்தான்.

"நீ என்னப்பா ஆடுவே?"

"மயிலாப்பூர்ல மாடவீதி டீமுக்கு விக்கெட் கீப்பர் சார். ஆனா அது கிரிக்கெட்."

"கீப்பர்தானே. இங்கயும் அதே வேலைதான்."

"கண்ணாடி போட்டிருக்கேன் சார்."

"பந்து பெருசுப்பா. தெரியும்."

இப்படித்தான் நான் கால்பந்து வீரன் ஆனேன்.

அணியில் நிஜமாகவே ஆடத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். எங்கள் கேப்டன். மூன்றாம் வருடம் படித்தான், நான் இரண்டாம் வருடம். கோடம்பாக்கத்துக்காரன். அவன் அப்பா சினிமா யூனிட்டில் லைட்மேன். ஸ்டுடியோக்களுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் ரப்பர் பந்தை உதைத்துக் கற்றுக்கொண்டவனின் காலில் பந்து வந்தால், பால்காரர் வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டே போகும். மார்க் குறைவு என்பதால் நல்ல அணி உள்ள கல்லூரிகளில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே வந்து சேர்ந்து, விரிவுரையாளர்களின் பின்னாலேயே அலைந்து, இல்லாத அணியை உண்டாக்கியவன் அவன்தான். அதன் பலனாக எங்களை மாதிரி பத்துப் பேர் அவனுக்கு வாய்த்தார்கள்.

அவனுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சென்னையில் சில பெரிய ஆபீஸ்களுக்குச் சொந்தமாகக் கால்பந்து அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனை எடுத்து வேலையும் கொடுத்துவிடுவார்கள். காலையில் மைதானம், பகலில் மேஜை, மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் அதற்கு யாராவது வந்து அவன் ஆடுவதைப் பார்க்க வேண்டும். தோற்கிற அணியில் நல்ல ஆட்டக்காரனாக இருப்பது சாவு வீட்டில் நன்றாகப் பாடுவது மாதிரி. யார் கைதட்டுவார்கள்?

அது அவனுக்குக் கடைசி வருடம். அவன் அப்பா வைத்திருந்த கெடுவும் அதுதான். ஒருமுறை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது என் எதிரிலேயே சொன்னார். மெலிந்த மனிதர், வலது தோளில் மட்டும் காய்த்துப்போன ஒரு தடிப்பு. லைட் தூக்கித் தூக்கி வந்தது.

"இந்த வருசம் வரிக்கும் ஆடு. ஆபீஸ்ல எட்த்துகினா உன் லக்கு. இல்லாட்டி என்கூட யூனிட்டு வண்டில ஏறு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவன் அந்த வண்டில ஏற கூடாதுன்னுதான் நான் தெனம் சாமி கும்புட்டுகினு கீறேன். அது வேற கதை" என்றார்.

என்னை அவர் "மயிலாப்பூரு" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், "இன்னா மயிலாப்பூரு, இன்னிக்கு எத்தினி வாங்கினு வந்தே?" என்று கேட்பார். நானும் ஏதாவது பதில் வைத்திருப்பேன். "கொடுத்தாங்க, மரியாதைக்கு வாங்கிக்கிட்டேன்" என்பேன். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அவன் சிரிக்க மாட்டான்.

அந்த வருடம் நாங்கள் தோற்ற தோல்விகளை வகைப்படுத்தலாம். மழையில் தோற்றது, வெயிலில் தோற்றது, வழிதவறிப் போய்த் தாமதமாகச் சேர்ந்து அவசரமாகத் தோற்றது. வலை இல்லாததால் உள்ளே போகும் பந்து காம்பவுண்டு சுவர் வரை ஓடும். அதை எடுத்துவர வேண்டியது கீப்பரின் பொறுப்பு. அந்த வருடம் நான் ஓடிய ஓட்டமெல்லாம் பந்து பொறுக்கத்தான். உடம்பு இளைத்துவிட்டது என்று அம்மா கவலைப்பட்டாள்.

"என்னடா, இன்னிக்கும் தோத்துட்டு வந்து நிக்கறேளா?"

"ஆமாம்மா."

"ஒரு நாளாவது மாத்திப் பாக்கப்படாதோ?"

தடுப்பாட்டத்தில் எனக்கு முன்னால் நிற்க வேண்டியவன், தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். நல்ல பலசாலி. அண்டாவை ஒரு கையால் தூக்கி மேல்தட்டில் வைப்பான். ஆனால் ஆடி வந்தால் தள்ளுபடி, ஐப்பசி வந்தால் தீபாவளி, அவனைக் கடையிலிருந்து விடமாட்டார்கள். "தீபாவளி முடியட்டும்ல. அதுக்கப்புறம் ஒரு பய உள்ள வர முடியாது" என்பான். தீபாவளி முடிவதற்குள் எல்லாப் பயல்களும் உள்ளே வந்துபோய்விட்டார்கள்.

வடசென்னையில் ஒரு மைதானத்துக்குப் போயிருந்தோம். அங்கே பத்து வயதுப் பையன்கூட எங்களைவிட நன்றாக ஆடுவான். கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் என்னை விடவே இல்லை.

"யோவ் கண்ணாடி! பந்து உள்ள பூட்ச்சுப்பா, தேடு!"

"அவன வுடு நைனா, பஸ்ஸுக்கு நின்னுகினு கீறான்!"

எங்கள் கேப்டன் அன்றைக்குத் தனியாக மூன்று பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டான். அதே கூட்டம் அதற்கும் கைதட்டியது. ஆனால் அதற்குள் அவர்கள் எத்தனை போட்டிருந்தார்கள் என்பதை நடுவரே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். திரும்பி வரும்போது மழை. பஸ் ஜன்னலின் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கேப்டன் என் பக்கம் திரும்பினான்.

"மச்சி, நான் நல்லாத்தான் ஆட்றேனா? எனக்கே டவுட்டா கீதுடா."

"என்னடா இப்படிச் சொல்றே? நீ போட்ட கோலுக்கு அவனுங்களே கைதட்டினாங்க."

"தோக்கறவன் போட்டா எல்லாந்தான் தட்டுவான். பாவம்னு."

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் எதையாவது சொல்லி மற்றவர்களையாவது சிரிக்கவைப்பேன். அன்றைக்கு ஷட்டர் இடுக்கில் ஒழுகிய தண்ணீரைக் கைக்குட்டையால் அடைத்துக்கொண்டே வந்தேன்.

கடைசி ஆட்டம் பொங்கல் கழித்து, எங்கள் மைதானத்திலேயே. அதற்கு முந்தின வாரம் கேப்டன் வகுப்புக்கு ஓடிவந்தான். ஒரு ஆபீஸ் அணியின் பயிற்சியாளரை, அவர் பயிற்சி கொடுக்கும் மைதானத்துக்கே தினமும் காலையில் போய் நின்று பிடித்திருக்கிறான். அவர் ஒரு முறை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"வர்றேன்னு சொல்லிக்கீறார்டா. ஒரே மேட்ச்சு. ஜெயிக்கக்கூட வாணாம் மச்சி. அசிங்கமா தோக்காம இருந்தா போதும். பந்து எங்கிட்ட வரணும், அவ்ளோதான்."

எங்கள் லட்சியம் இவ்வளவு எளிமையாக இருந்தும் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாத்திரக்கடைக்காரன்தான் வழி சொன்னான்.

"ஏல, இது ஆட்டத்துல உள்ள கோளாறு இல்ல. கண்ணு பட்டிருக்கு."

"நம்ம மேல யாருடா கண்ணு வெப்பான்? இன்னாத்த பார்த்து?" என்றான் கேப்டன்.

"ஒம்மேலதாம்ல. அந்த டீம்ல போயி இப்படி ஒருத்தனான்னு ஊரே பாக்குல்லா? எங்க கடைல அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்கா சுத்தி ஒடைப்போம். இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை கிடையாது."

விரிவுரையாளரிடம் கேட்டோம். "மேனேஜ்மென்ட்ல கேட்டா நான் பாக்கலைன்னுதான் சொல்லுவேன்" என்றார். ஆட்டத்தன்று அதைச் செய்யும்போது முறைப்படி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரன் கறாரான ஆள். டாஸ் போட்டு எங்களுக்கு எந்தக் கோல் என்று தெரிந்த பிறகுதான் உடைக்க வேண்டும் என்றான். பார்க்க வரவேண்டிய ஆபீஸ்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்லி விரிவுரையாளர் நடுவரை டீக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்த இடைவெளியில், எங்கள் கோலுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, பெரிய சாம்பல் பூசணிக்காயாக ஒன்றைத் துளைபோட்டுக் குங்குமம் அடைத்து, மேலே சூடம் ஏற்றி, மற்ற பத்துப் பேரையும் நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கிப் போட்டு உடைத்தான்.

"ஒருத்தனும் திரும்பிப் பாக்கப்பிடாது. அப்படியே நடங்க."

அதுதான் முறை. உடைத்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பத்துப் பேரும் நடு மைதானத்தை நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். ஆனால் நான் கோலுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாமல் எப்படிப் போவது? பின்னாலேயே அடிமேல் அடிவைத்து நடந்து, முதுகில் கம்பம் இடித்ததும் நின்றேன். எதிரணியினர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ குடித்துவிட்டு வந்த நடுவர், "இது என்னய்யா, கிரஹப்பிரவேசமா?" என்று கத்தி, பெரிய துண்டுகளை ஓரமாகப் பொறுக்கிப் போடவைத்தார். சதையும் விதையும் மண்ணோடு அப்பிக் கிடந்த இடத்தில் நாலு கை மணலை அள்ளித் தூவினார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரன் பந்தோடு என்னை நோக்கி வந்தான். நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவன் மல்லாந்து கிடக்கிறான், பந்து கம்பத்துக்கு வெளியே எங்கோ போகிறது.

"வேலை செய்யுதுல!" என்று கடைக்காரன் குதித்தான். நாங்கள் எல்லோரும் குதித்தோம். கீழே விழுந்தவன் கால்சட்டையில் குங்குமத்தோடு எழுந்து போனான். இன்னும் நாலு கை மணல் தூவப்பட்டது.

இடைவேளையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அந்த வருடத்தில் நாங்கள் அப்படி ஒரு இடைவேளையைப் பார்த்ததே இல்லை. விரிவுரையாளர் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். அப்போதுதான் ஆபீஸ்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சஃபாரி உடுப்பு, வாயில் பாக்கு. யாரிடமும் பேசாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். கேப்டனின் முகத்தில் நான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும் என்பது பதினோரு பேருக்கும் தெரியும். பூசணிக்காய் பக்கம் மாறாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் மைதானத்தின் மறு கோடியில் நின்றிருந்ததால் எல்லாவற்றையும் முழுசாகப் பார்க்க முடிந்தது. நடுவில் பந்தை வாங்கிய கேப்டன் ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனுக்கு இடதுபக்கம் காட்டி வலதுபக்கம் போனான். கோட்டுக்கு வெளியே ஆபீஸ்காரர் இரண்டு அடி முன்னால் வந்ததுகூட எனக்குத் தெரிந்தது. எதிரில் கீப்பர் மட்டும்தான். உதைப்பதற்காக இடதுகாலை ஊன்றினான். அந்தக் கால் அப்படியே முன்னால் போயிற்று. உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் திரும்பியது. பந்து சாதுவாக உருண்டு போய்க் கீப்பரின் கையில் ஏறிக்கொண்டது.

அவன் கத்தவில்லை. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, பந்து எங்கே என்று பார்த்தான்.

நாங்கள் ஓடிப் போவதற்குள் ஆபீஸ்காரர் வந்துவிட்டார். முட்டியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய விதையை எடுத்து முகர்ந்தார்.

"யாருப்பா இங்க பூசணிக்கா உடைச்சது?"

"நாங்கதான் சார்" என்றான் கேப்டன்.

அவர் விதையைக் கீழே போட்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. "நல்லா வந்தே தம்பி. கடைசி வரைக்கும் நல்லா வந்தே" என்றார். "மாசி மாசக் கடைசில செலக்சன் வெக்கறோம். கால் சரியாயிட்டா வந்து ஓடிக் காட்டு. இந்த வருஷத்தோட ஆள் எடுக்கறதை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு. அடுத்த வருஷம்னு நெனச்சுக்காதே."

ஆட்டம் முடிகிற நேரத்தில் நான் ஒரு கோல் வாங்கினேன். ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த வருடத்தின் எங்கள் மிகச் சிறந்த ஸ்கோர் அதுதான். கடைக்காரன் கோல் கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அத்தனை பெரிய உடம்பு அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. விரிவுரையாளரின் குடையை ஊன்றி நின்றிருந்த கேப்டன்தான் அவனைத் தேற்றினான்.

"வுடு மச்சி. பூசணிக்கா மேல தப்பு இல்ல. கோலை காப்பாத்த சொன்னோம், காப்பாத்திச்சி. எந்த கோலுன்னு நாம சொல்லல."

என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வாக்கியம் அது. அவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாக்டர், முட்டிக்குள் ஏதோ கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் பந்தைத் தொடாதே என்றார். அப்பாவிடம் கேப்டன் அதைச் சுளுக்கு என்று சொல்லிவைத்தான். தேய்த்துவிட்டார்கள், கட்டுப் போட்டார்கள், வேப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். வீக்கம் வடிந்தது. நேராக நடந்தான். நேராக ஓடவும் செய்தான்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணைக்கு நானும் போனேன். மைதானத்தில் நிறையப் பையன்கள். முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்ட காலுறைக்குள் துணிக்கட்டு வெளியே தெரியாமல் வைத்திருந்தான். முதலில் எல்லோரையும் நேராக ஓடச் சொன்னார்கள். முதல் ஆளாக வந்தான். ஆபீஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்து, வரிசையாக நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பந்தைக் கொண்டுபோக வேண்டும். முதல் குச்சியைத் தாண்டினான். இரண்டாவதில் இடதுபக்கம் திரும்பும்போது உட்கார்ந்துவிட்டான். எழுந்து, "இன்னொரு வாட்டி சார்" என்றான். மறுபடியும் அதே குச்சி, அதே இடம். மூன்றாவது முறை அவன் போய் நின்றபோது அவர் வந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"போதும் தம்பி. கெடுத்துக்காதே."

"நேரா ஓடறேனே சார்."

"நேரா ஓடறதுக்கு ஆள் இருக்குப்பா."

திரும்பும்போது அவன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. பனகல் பார்க் வரை வந்து இறங்கி உட்கார்ந்தோம். துணிக்கடைப் பைகளோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நைனா கேக்கும்டா. எப்படி சொல்றது? நீ வா. நீ எதுனா காமெடியா சொல்லு. நீ சொன்னா அது சிரிக்கும்."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தேன். ஒன்று நிஜமாகவே நன்றாக இருந்தது.

அவன் அப்பா பனியனோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா மயிலாப்பூரு! இன்னிக்கு எத்தினி வாங்கினு வந்தே?"

நான் வாயைத் திறந்தேன். தயார் செய்த எதுவும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடியும் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து காலுறையைக் கீழே உருட்டிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். முட்டி பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது.

"சுளுக்குன்னே?" என்றார்.

அவன் காலுறையை மறுபடி மேலே இழுத்துக்கொண்டான்.

அவர் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். உள்ளே திரும்பி இன்னும் இரண்டு தட்டு போடச் சொன்னார். மூன்று பேருக்கும் சோறு வந்தது. அவன் அம்மா குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதிச் சாப்பாட்டில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"பரிட்ச முடிஞ்சதும் வண்டில ஏறு. மேனேஜராண்ட நான் சொல்லிக்கிறேன். மொதல்ல வயரு மட்டும் இழு. லைட்டு வாணாம். முட்டி தாங்காது."

"சரி நைனா" என்றான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவர் தன் தட்டிலிருந்த பொரியலை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.